மாரி மழைக்கு ஒரு பழைய சுசுகி ஜிம்னி ஜீப் வாங்கலாமா?

கேட்டவர் எழுதியது இதுதான்: கனடாவில் இருக்கும் மச்சான் சின்ன ஃபோர்வீல் ஜீப்பில் பனிக்குள்ளேயே ஓடுகிறார், அது போகாத இடமில்லை என்கிறார். எங்களுக்கு அம்பாறை மாவட்டத்தில் நாவிதன்வெளிப் பக்கம் வயல். பழைய ஜிம்னி ஒன்று வாங்கினால் வெள்ளத்துக்கும் பயமில்லைதானே?

வாங்குங்கள். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் மறந்துவிட்டு வாங்குங்கள்.

மச்சான் சொல்வது பாதி சரி. நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி பனியிலும் கிளம்பும், சேற்றிலும் ஏறும். ஆனால் நிற்பதும் வளைவதும் டயரின் கையில். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம், ஃபோர்வீலுக்கும் விலக்கில்லை. மச்சானிடம் என்ன டயர் என்று கேட்டுப் பாருங்கள். நமக்கும் அதே கதைதான். தேய்ந்த டயரோடு களி ரோட்டில் இறங்கினால் நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பதும் பழைய ஜிம்னிதான். சில வருசத்துக்கு முந்திய ஒரு மாரியில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இருக்கும் வீட்டில் மாமிக்கு இரவிரவாக மூச்சிழுப்பு. விடிய முன்னம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். வரம்போரப் பாதை முழுக்கச் சேறு. ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் மெதுவாக, கூடிய பலத்தோடு இழுக்கும் கியர்) போட்டு, இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துக்கொண்டு வந்தேன். வண்டி இழுபட்டு நிற்கப் பார்க்கும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டினால், டயரின் ஓரம் புதுக் களியைக் கடித்து முன்னுக்குப் போகும். உழவு மெசினே புதைந்து கிடந்த இடத்தை அந்தச் சின்ன வண்டி தாண்டியது. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

கிட்டங்கித் தாம்போதிக்கு (வெள்ளம் மேலால் பாயக்கூடிய தாழ்ந்த பாலம்) வந்தால் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் போகிறது. முழங்காலளவும் இராது. பின்னால் இருந்த மனைவியின் தம்பி, "ஃபோர்வீல்தானே அத்தான், விடுங்க" என்கிறான். கரையில் நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் பார்த்தது தண்ணீரில் மிதந்து வந்த ஆற்றுவாழையை (ஆகாயத்தாமரை). ஒரு பெரிய பத்தை ரோட்டின் ஒரு பக்கம் வந்து சேர்ந்தது, கண் மூடித் திறக்க மற்றப் பக்கம் போய்விட்டது. அந்த வேகம் போதும். ஜிம்னி ஏறக்குறைய ஆயிரம் கிலோதான். ஓடும் தண்ணீர் 30 சென்ரிமீற்றர் இருந்தாலே சின்னக் கார் மிதக்கத் தொடங்கும், 60 வந்தால் பெரிய வாகனங்களையும் தள்ளும். சக்கரம் நிலத்தில் முட்டாவிட்டால் நாலு இழுத்தென்ன, எட்டு இழுத்தென்ன? வண்டியைத் திருப்பி மத்தியமுகாம் பக்கத்தால் அம்பாறைக்குப் போனேன். மாமி பிழைத்தார்.

பயந்தாங்கொள்ளி என்று எழுத வருபவர்கள் 2024 நவம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசா பிள்ளைகள் வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் கொண்டு போனது. ஜிம்னியைவிட உயரமும் பாரமும் கூடிய வாகனம் அது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். இந்த ரோட்டுகள் மழையால் மட்டும் பழுதாவதில்லை. கோடை முழுக்க மண் டிப்பர்கள் அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு ஓடிக் கிழிக்கின்றன. மாரி தொடங்கும் நேரம் பார்த்து யாரோ கிறவல் கொட்டிப் பரவிவிட்டுப் படம் எடுக்கிறார்கள், முதல் மழையோடு அது வாய்க்காலுக்குள். மதகு கேட்டு நாங்கள் கொடுத்த கடிதங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. விவசாயி ஜீப் வாங்கித்தான் தன் வயலுக்குப் போக வேண்டுமா?

சரி, வண்டிக்கு வருகிறேன். பார்க்கப் போகும்போது அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியென்றால் கட்டாயம். 1998க்குப் பிறகு வந்த மாடல் பலதில் முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப், வேக்குவத்தில் (குழாய்வழி காற்றை உறிஞ்சும் இழுப்பில்) பூட்டும். குழாய் வெடித்திருந்தால் ஃபோர்வீல் போட்டும் முன் சக்கரம் இழுக்காது. அதனால் விற்பவரின் தார் ரோட்டில் ஓடிப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், சேற்றில் இறக்கி முன் சக்கரமும் இழுத்துச் சுற்றுகிறதா என்று ஒருவரை வெளியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீலைப் போட்டு ஓடவேண்டாம். முன் பின் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால் முன்னும் பின்னும் இறுகிக் கியர்ப்பெட்டி அடிபடும். விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசி, அந்தக் காசுக்கு நாலு நல்ல மட் டயர் போடுங்கள்.