லினக்ஸ் ஏறுகிறது, ஸென் உறைகிறது

கேள்வி: பழைய சர்வர் ஒன்றில் ஸென் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) போட்டேன். கிரப் மெனுவில் (பூட் ஆகும்போது வரும் தேர்வுப் பட்டியல்) வெறும் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காக பூட் ஆகிறது. ஸென்னைத் தேர்ந்தெடுத்தால் சில வரிகள் ஓடி அப்படியே உறைகிறது. கர்னல் வரியில் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 சேர்த்தும் பலனில்லை. பயாஸில் சி-ஸ்டேட் (சிபியுவின் தூக்க நிலைகள்) எல்லாவற்றையும் அணைத்தால் மட்டும் ஏறுகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடலாம், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சும்மா இருக்கும் கோர்கள் ஆழ்ந்து தூங்கினால்தான் வேலை செய்யும் கோருக்கு முழு டர்போ வேகம் கிடைக்கும். பயாஸில் அணைத்தால் அதை இழப்பீர்கள்; நடுவில் மாற்றிப் பார்க்கவும் வழியில்லை.

நீங்கள் சேர்த்த இடம்தான் தப்பு. ஸென் ஏறியபின் சிபியுவைத் தூங்க வைப்பது ஸென்தான். மேலே ஓடும் லினக்ஸின் ஐடில் டிரைவருக்கு அங்கே வேலையே இல்லை. பயாஸில் சி-ஸ்டேட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, மெனுவில் ஸென் மீது நின்று ஆங்கில இ எழுத்தைத் தட்டுங்கள். மல்டிபூட் என்று தொடங்கும் வரியும் (ஸென்னுக்கானது) மாட்யூல் என்று தொடங்கும் வரியும் (லினக்ஸுக்கானது) தெரியும். பலரும் இரண்டாவதில் எழுதிவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். முதல் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு மேக்ஸ்_சிஸ்டேட்=1 என்று (ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவே இடைவெளியில்லாமல்) சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் இது, பயப்பட வேண்டாம்.

ஏன் உறைகிறது? பழைய சிபியுக்களில் கோர் சி3 என்ற ஆழ்ந்த தூக்க நிலைக்கோ அதற்கும் கீழேயோ இறங்கினால் அதனுடைய ஏபிக் டைமரும் (கோருக்குள்ளேயே இருக்கும் டைமர்) நின்றுவிடும். எழுப்ப வைத்த அலாரமே தூங்கிப்போன கதை. அப்போது போர்டில் உள்ள எச்பெட் டைமர்தான் எழுப்ப வேண்டும். அது சொதப்பினால் கோர் எழாது. உங்கள் சிபியு இந்த வகையா என்று பார்க்க, வெறும் லினக்ஸில் ப்ராக் அடைவிலுள்ள சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்து ஃபிளாக்ஸ் வரியில் 'ஏஆர்ஏடி' இருக்கிறதா தேடுங்கள். இருந்தால் டைமர் நிற்காது, சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பலாம். லினக்ஸ் ஏறுவதை ஸென்னுக்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். இரண்டிலும் இதற்கான நிரல் வேறு.

1 போதவில்லையென்றால் அதே வரியில் சிபியுஐடில்=0, அதுவும் போதாவிட்டால் சிபியுஃப்ரீக்=நன். தானாக ரீபூட் ஆகிப் பிழைச்செய்தி மறைந்தால் நோரீபூட் சேருங்கள். பயாஸ் அப்டேட் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கேவிஎம் (லினக்ஸுக்குள்ளேயே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் வசதி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே கேள்வியில் உள்ள இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட் சரியானது. ஆனால் 0 போட்டால் தூக்கம் நிற்கும் என்று நினைக்காதீர்கள். அந்த டிரைவர் மட்டும் விலகி, ஏசிபிஐ டிரைவர் வந்து உட்காரும்.

சரியானால் கிரப் அமைப்புக் கோப்பில் ஸென்னுக்கான வரியில் நிரந்தரமாக எழுதி, அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.  ஸென்பிஎம் கட்டளையில் செட்-மேக்ஸ்-சிஸ்டேட் கொடுத்து, ஓடும்போதே 2 வரை ஏற்றியும் பார்க்கலாம். விஎம் (மெய்நிகர் கணினி) எதுவும் ஓடாத நேரத்தில் செய்யுங்கள். உறைந்தால் ரீபூட் செய்தவுடன் பழைய 1-க்கே வந்துவிடும்.