அமிகா 500: மெமரியும் ஃப்ளாப்பியும்

கேள்வி: என் பழைய வீட்டுக் கணினி அமிகா 500-இல் 512 கிலோபைட் மெமரிதான். பழைய ஃப்ளாப்பிகளும் படிக்க மறுக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மெமரி சுலபம். மின் இணைப்பை எடுத்துவிட்டுக் கவிழ்த்தால் அடியில் ஒரு மூடி. அதற்குள் 512 கிலோபைட் கார்டைச் செருகினால் மொத்தம் 1 மெகாபைட். வேகம் அதிகரிக்காது, ஆனால் 1 மெகாபைட் கேட்கும் விளையாட்டுகள் ஓடும். பழைய கார்டு வாங்கினால் முதலில் அதிலுள்ள கடிகாரத்துக்கான பேட்டரியைப் பாருங்கள். நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சைப் படிவு தெரிந்தால் பேட்டரியை வெட்டியெடுத்து, வெள்ளை வினிகரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். பேட்டரி இல்லாவிட்டால் கடிகாரம் மட்டுமே நேரம் மறக்கும், மெமரிக்குப் பாதகமில்லை. அமிகாவின் முகப்புத் திரையான வொர்க்பெஞ்சின் மேல்பட்டையில் மெமரி கூடவில்லையா? கார்டை முழுதாக அழுத்திச் செருகவில்லை என்று பொருள், பெரும்பாலும்.

ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி மென்பொருள் ஏற்றிய கோடெக் (Gotek) பொருத்துங்கள்; இது ஃப்ளாப்பிக்குப் பதில் பென்டிரைவைப் படிக்கும் கருவி. அதன் பின்களை இணைக்கும் சிறு செருகியான ஜம்பர், எஸ்0 (S0) என்ற இடத்தில் இருக்கட்டும். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்து ஏடிஎஃப் (ADF) கோப்புகளைப் போடுங்கள்; இவை அமிகா ஃப்ளாப்பிகளின் முழு நகல்கள். ஒவ்வொன்றும் 880 கிலோபைட். 34 முனை கேபிளைத் தலைகீழாகச் செருகினால் டிரைவின் விளக்கு அணையாமல் எரியும். திருப்பிச் செருகினால் போதும்.