சொல் விளக்கம்: வருடுதல், தைவரல், தீண்டல்

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், 'நான் உறங்கும் வரை பாட்டி என் தலையை வருடிக்கொண்டிருந்தாள்' என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். வருடுதல் காதலர்க்கு உரிய சொல் என்று கூறி, ஆசிரியர் அதை அடித்துவிட்டுத் 'தடவிக்கொண்டிருந்தாள்' என்று திருத்தியிருக்கிறார். இது சரியா?
(கும்பகோணம் வாசகி ஒருவர்)

பதில்: தங்கள் மகள் எழுதியதே சரி. விரல்நுனியோ உள்ளங்கையோ அழுத்தமின்றி ஒரு பரப்பின்மீது மெல்ல ஊர்வதுதான் வருடுதல். தொடுபவர் யார், தொடப்படுபவர் யார் என்னும் வரையறை அச்சொல்லின் பொருளில் இல்லை. தாய் குழந்தையை வருடலாம். உழவர் தம் மாட்டின் கழுத்தடியை வருடலாம். தென்றல் முகத்தை வருடலாம். தாள்மீது ஒளியை ஊர விட்டுப் படியெடுக்கும் கருவிக்கு 'ஒளிவருடி' என்று பெயர் வைத்தவர்களும் இந்த அடிப்படைப் பொருளையே கொண்டார்கள். திரைப்பாடல்களும் தொடர்கதைகளும் காதல் காட்சிகளில் இச்சொல்லை ஓயாமல் கையாண்டதால், காதலின் சாயல் அதன்மேல் படிந்திருப்பது உண்மை. ஆனால், அந்தச் சாயலுக்கு அஞ்சிப் பாட்டியிடமிருந்து ஒரு நல்ல சொல்லைப் பறித்துவிடக் கூடாது.

ஆசிரியரின் எண்ணம் முற்றிலும் அடிப்படை அற்றதும் அன்று. உறவுக்கேற்ப வேறுபடும் தொடுகைச் சொற்கள் தமிழில் உண்டு. ஐங்குறுநூற்றின் 402ஆம் பாடல், 'புதல்வற் கவைஇய தாய்புறம் முயங்கி' என்று தொடங்குகிறது. மகனை அணைத்தபடி படுத்திருக்கும் தாயின் முதுகைத் தலைவன் தழுவிக் கிடக்கும் காட்சி அது. தாய் மகனை அணைப்பதற்குக் கவவுதல், கணவன் மனைவியைத் தழுவுவதற்கு முயங்குதல் என ஒரே அடியில் இரண்டு சொற்கள் வந்துள்ளன. 'கவவு அகத்திடுமே' என்று தொல்காப்பிய உரியியல் கூறுவதை இதனுடன் சேர்த்துப் படித்தால், பிள்ளையைத் தனக்குள் பொதிந்து வைத்துக்கொள்ளும் தாயின் கைகள் கண்முன் தெரியும். முயக்கம் இன்றைய வழக்கில் காதலர்க்கே உரியதாகிவிட்டது. வருடுதல் அப்படி ஒதுங்கிவிடவில்லை.

'தடவினாள்' என்பதும் பிழையன்று. ஆனால் அது பல வேலைகளைச் செய்யும் சொல். புண்ணுக்கு மருந்து தடவுகிறோம். இருளில் சுவரைத் தடவி நடக்கிறோம். விடை தெரியாத மாணவன் தடவுகிறான் என்கிறோம். அதில் அன்பு தோன்ற வேண்டுமானால் 'கொடு' என்னும் துணைவினை வந்து சேர வேண்டும். அணைக்கு மணல் சுமந்த அணிலை இராமன் மூன்று விரல்களால் 'தடவிக் கொடுத்தான்' என்றுதான் கதை சொல்பவர்கள் சொல்வார்கள். வெறுமனே 'தடவினான்' என்று எவரும் சொல்வதில்லை. 'முதுகில் தட்டினான்' என்பதற்கும் 'முதுகில் தட்டிக் கொடுத்தான்' என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழ் பேசும் சிறு குழந்தையும் அறியும். இங்கே 'கொடு' என்பது எந்தப் பொருளையும் கொடுப்பதன்று. செயலின் பயன் முழுவதும் மற்றவரைச் சென்று சேர்கிறது என்பதைக் காட்டுவது. நீவி விடுதல், கோதி விடுதல், கால் பிடித்து விடுதல் ஆகியவற்றில் 'விடு' என்பதும் ஏறத்தாழ இவ்வேலையையே செய்கிறது. 'பிடிக்கும் மெல்லடியைக் கொடுவினையேனும் பிடிக்க' ஒருநாள் அழைக்க மாட்டாயா என்று திருப்புளிங்குடிப் பெருமானிடம் நம்மாழ்வார் கேட்பதும், தாத்தாவின் காலைப் பிடித்துவிடு என்று பேரனிடம் வீட்டில் சொல்வதும் ஒரே பிடித்தல்தான்.

ஆகவே, அந்தக் கட்டுரையைத் திருத்தும் முன் பாட்டியின் கை எவ்வாறு இயங்கியது என்று அக்குழந்தையைக் கேட்டிருக்கலாம். விரல்கள் முடிக்குள் நுழைந்து அளைந்திருந்தால் 'கோதி' என்று எழுதலாம். நெற்றியிலிருந்து பின்னோக்கிச் சற்று அழுத்தத்தோடு ஒரே திசையில் சென்றிருந்தால் 'நீவி' என்று எழுதலாம். அழுத்தமே இல்லாத கை என்றால், 'வருடி' என்பதை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் 'தைவரும்' என்று வருகிறது. 'தடவும்' என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அச்சொல்லுக்குத் தனிச் சுவை உண்டா? இன்று அதை ஆளலாமா?
(மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: தாங்கள் குறிப்பிடுவது 235ஆம் பாடல். 'நரந்தம் நாறும் தன்கையால் / புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே' என்பன அவ்வடிகள். சிறிதளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தருவான், மிகுதியாகக் கிடைத்தால் நாங்கள் பாட மகிழ்ந்து உண்பான் என்று அவனுடைய கொடையை அடுக்கிக்கொண்டு வரும் ஔவையார், அந்த வரிசையிலேயே இந்தத் தொடுகையையும் வைக்கிறார். நறுமணம் கமழும் அரசனின் கை, புலால் நாறும் பாணர் குலத்துத் தலையைத் தயக்கமின்றித் தொட்டது என்பதைச் சோற்றுக்கும் கள்ளுக்கும் நிகரான கொடையாக அவர் எண்ணுகிறார். 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் மூன்று பொருள்களில் முதலாவது கழிவு, அதாவது இருந்தது இனி இல்லை என்பது. அடிதோறும் வரும் அந்த 'மன்'னை விலக்கிவிட்டு இப்பாடலைப் படித்தால், அது வெறும் புகழ்ப் பட்டியலாகிவிடும்.

தைவரல் வேறு இடங்களிலும் வருகிறது. தலைவியின் மனநிலையைக் காட்டும் செயல்களுள் ஒன்றாக 'ஊழணி தைவரல்' என்பதை, அணிந்திருக்கும் நகைகளைத் தொட்டுத் தடவித் திருத்துவதை, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சொல்கிறது. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்போர் செய்யும் எட்டு இசைக்கரணங்கள், பண்ணல், பரிவட்டணை, ஆராய்தல், தைவரல், செலவு, விளையாட்டு, கையூழ், குறும்போக்கு என்று எண்ணப்படுகின்றன. நரம்புகளை ஆராய்ந்து முடித்த விரல், பாடலுக்குள் செல்வதற்கு முன் செய்வது தைவரல். இவ்விடங்களை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, தான் தொடுவதை நன்கு அறிந்த கையின் தொடுகையே தைவரல் என்று எனக்குத் தோன்றுகிறது. பல ஆண்டுகள் தன்னோடு உண்டும் பாடியும் இருந்தவரின் தலையைத்தான் அதியமான் தொட்டான்.

இன்று தாராளமாக ஆளலாம். தைவரும், தைவந்தாள், தைவந்து என்று 'வா' என்னும் வினையைப் போலவே இது திரியும். நாளிதழ்ச் செய்திக்குப் பொருந்தாது. கவிதையிலும் சிறுகதையிலும் ஒருமுறை வந்தால், சூழலே வாசகர்க்குப் பொருளை உணர்த்திவிடும்.

கேள்வி: 'மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்' என்கிறது குறள். ஆனால் 'குழந்தையைத் தீண்டினாள்' என்று இன்று எழுத முடியவில்லையே?
(மன்னார்குடி வாசகர் ஒருவர்)

பதில்: வள்ளுவர் தீண்டலை அன்புச் சொல்லாக ஆண்டிருக்கிறார். பெற்றோர் இன்பத்தைச் சொல்லும் 65ஆம் குறளில் மட்டுமன்றி, 'உறுதோறு உயிர்தளிர்ப்பத் தீண்டலால்' என்று காதலைச் சொல்லும் 1106ஆம் குறளிலும் அது வருகிறது. பாம்பு தீண்டியது என்னும் வழக்கு அதற்கு ஒரு நிழலைத் தந்தது. அதைவிடப் பெரிய கேடு, சாதியின் பெயரால் சக மனிதரைத் தொடாமல் ஒதுக்கிய கொடுமைக்குத் தீண்டாமை என்ற பெயர் நிலைத்துவிட்டதே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் அச்சொல்லின் மேல் விழுந்த கறை நீங்கவில்லை. தீண்டல் என்றதும் மறுப்பும் தீட்டுமே நினைவுக்கு வருகின்றன. அந்நினைவைச் சுமந்து வாழ்ந்தவர்களிடம் பழைய பொருளைச் சொல்லி வாதிடுவது முறையன்று. குறளை மேற்கோள் காட்டும்போது தீண்டல் என்றே காட்டுவோம். நாமே எழுதும்போது தொடுதல், அணைத்தல், தழுவுதல், மேலே பேசிய வருடுதல் ஆகிய சொற்கள் இருக்கின்றன.