கட்டைவிரல் எலும்புக்குள் என்ன தெரியும்? மனிதக் குரங்குகளின் கை பற்றிக் கேள்வி பதில்

கொரில்லா, சிம்பன்சி, ஒராங்குட்டான் கைகளைப் பற்றி வந்த கேள்விகளில் கட்டைவிரல் தொடர்பானவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

பிரபு: அக்கா, எலும்பைப் பார்த்தே கட்டைவிரலை எப்படிப் பயன்படுத்தியது என்று சொல்லிவிடலாமா?

வெளியே மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வெளிவடிவம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அதை வைத்து அந்தக் கையால் என்ன செய்ய முடிந்திருக்கும் என்று சொல்லலாம், நிஜமாக என்ன செய்தது என்று சொல்வது கஷ்டம். ஆனால் எலும்பின் முனைகளுக்குள்ளே கடற்பஞ்சு மாதிரி மெல்லிய தண்டுகள் பின்னிக் கிடக்கும், அது உயிரோடு இருக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும்: பாரம் அடிக்கடி விழும் இடத்தில் தடித்து நெருங்கும், விழாத இடத்தில் மெலியும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வொல்ஃப் 1892-இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அவர் சொன்ன கணக்கில் பின்னாளில் திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிற்கிறது.

மீனா: அதைப் பார்க்க எலும்பை அறுக்க வேண்டுமா?

வேண்டாம். எலும்பின் உட்புறத்தை மிக நுணுக்கமாகப் படம் பிடிக்கும் மைக்ரோ சிடி ஸ்கேன் போதும்.

கார்த்திக்: சிம்பன்சிக்கும் நமக்கும் கட்டைவிரலில் என்ன வித்தியாசம் தெரிகிறது?

நிறைய. நாம் கட்டைவிரலை மற்ற விரல் நுனிகளோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கிறோம், அந்த அழுத்தம் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு மணிக்கட்டோடு சேரும் அடிப்பகுதியில் இறங்குகிறது. அங்கே உள்ளங்கைப் பக்கமாகவும் வெளி ஓரமாகவும் பஞ்சு எலும்பு அடர்ந்திருக்கிறது. சிம்பன்சியிடம் இந்த அமைப்பு இப்படி இல்லை. அதற்குக் கட்டைவிரல் சின்னது, நுனியை மடக்க நமக்கு இருப்பது போன்ற வலுவான தனித் தசையும் கிடையாது. சிம்பன்சியும் கொரில்லாவும் மற்ற நான்கு விரல்களையும் மடக்கி ஊன்றி நடக்கும்போது கட்டைவிரல் பாரம் தாங்குவதில்லை, அதனால் நடையின் தடத்தை அந்த நான்கு விரல்களில்தான் தேட வேண்டும். அவற்றின் உள்ளங்கை எலும்புகள் விரலோடு சேரும் முனைகளில் புறங்கைப் பக்கம் அடர்த்தி கூடியிருக்கும். கிளையில் தொங்கும் ஒராங்குட்டானுக்கோ உள்ளங்கைப் பக்கம். அதன் கட்டைவிரல் இன்னும் குட்டை, சுமத்ராவில் சுவாக் பகுதி ஒராங்குட்டான்கள் குச்சிக் கருவியைப் பெரும்பாலும் வாயில்தான் பிடிக்கின்றன!

செல்வி: ஐவரி கோஸ்ட் நாட்டின் தாய் (Taï) என்ற காட்டில் சிம்பன்சிகள் கல்லால் கொட்டை உடைக்கின்றனவே, அது எலும்பில் தெரியாதா?

உடைப்பது உண்மை. ஆனால் அந்தக் கல் சுத்தியலைப் பிடிப்பது ஒரு வேலை, நாள் முழுக்க ஏறி நடப்பது வேறு. எலும்பு எல்லாவற்றின் மொத்தத்தையும் சேர்த்துக் காட்டுகிறது, ஒவ்வொரு வேலைக்கும் தனி முத்திரை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ரவி: சார்லஸ் டார்வின் காலத்துச் சந்தேகம்தான். மனிதப் பிடி எப்போது வந்தது?

2015-இல் ஸ்கின்னர் என்ற ஆய்வாளரின் குழு, தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த ஆஸ்ட்ரலோபிதிகஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற பழங்கால மனித உறவினத்தின் கை எலும்புகளின் உட்புறத்தில் மனிதர் போன்ற அழுத்தப் பிடியின் தடம் தெரிகிறது என்றது, உடனே மறுப்பும் வந்தது. 2020-இல், தென்னாப்பிரிக்காவின் மலாப்பாவில் கிடைத்த இன்னொரு ஆஸ்ட்ரலோபிதிகஸ் இனமான செடிபாவின் கையைப் பார்த்தவர்கள் சொன்னது எனக்கு இன்னும் சுவாரசியமாகப் படுகிறது: சுமார் 20 லட்சம் ஆண்டு பழைய அந்தக் கையில் கட்டைவிரல் மனிதர் பக்கம், மற்ற விரல்கள் மரமேறிப் பக்கம். பிடிப்பதும் மரமேறுவதும் ஒரே கையில் நடந்திருக்கிறது.

அன்வர்: இன்றைய மனிதருக்கு எலும்பே பொதுவாக லேசாகத்தானே இருக்கும்? அப்புறம் எப்படி ஒப்பிடுவது?

நல்ல கேள்வி. மொத்த அடர்த்தியை நேராக ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், உணவு, உடம்பின் அளவு, சோம்பல் எல்லாம் அதில் கலந்திருக்கும். அதனால் ஒரே எலும்புக்குள் எந்த இடம் மற்ற இடங்களைவிட அடர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். சிறு வயதில் என்ன பாரம் விழுந்தது என்பதும் பரம்பரையும் சேர்கின்றன, ஆகவே ஒரே ஒரு எலும்பை வைத்து அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

பிரபு: போனில் நாள் முழுக்கக் கட்டைவிரலால் தட்டுகிறோமே, எலும்பு மாறுமா?

அந்தத் தட்டுக்கு எலும்பு அசையாது தம்பி, பாரம் ரொம்பக் குறைவு. தசைநார் வலி வேண்டுமானால் வரும்.