ஷேக்கிலிருந்து சோற்றுக்கு: மும்பை வாசகர்களின் கேள்விகள்

12 வாரம் சாப்பாட்டுக்குப் பதில் தினமும் நாலு டயட் ஷேக், 800 கலோரி என்று இருந்தேன். நாளை முதல் மூணு வேளையும் சாப்பிடலாமா? (செம்பூர்)

ஒரேயடியாக வேண்டாம். வாரத்துக்கு ஒரு ஷேக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை வையுங்கள். முதலில் மதியம். ஆபீஸ் டப்பாவில் அளந்து கொண்டுபோனால் அதோடு முடிந்தது; லோக்கல் ரயிலில் நின்று களைத்து வீடு சேரும் இரவில்தான் கை நீளும். 40 கிராம் அரிசியில் வடித்த சோறு, 30 கிராம் துவரம்பருப்பு போட்ட கெட்டி சாம்பார், ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பொரியல், 100 மில்லி தயிர். இது ஏறத்தாழ 400 கலோரி. ஷேக் ஒவ்வொன்றும் 200 என்றால், முதல் வாரம் 1,000, அடுத்து 1,200, பிறகு 1,400. நாலாவது ஷேக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல்.

பலரும் கவனிக்காதது புரதம். மேலே சொன்ன தட்டில் 15 கிராம்கூடத் தேறாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 70 கிராம் வேண்டும். ஷேக்கில் கிடைத்துவந்தது, அது நின்றதும் சரிந்துவிடும், பசியும் கூடும். சோற்றைப் பாதியாக்கி 25 கிராம் மீல்மேக்கர் சேர்த்தால் கலோரி பெரிதாக ஏறாமல் சுமார் 12 கிராம் புரதம் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

ஷேக்கை நிறுத்தி நாலு நாள் தயிர்சாதம் சாப்பிட்டதில் ஒன்றரை கிலோ ஏறிவிட்டது! (டோம்பிவிலி)

கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர சுமார் 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். ஒன்றரை கிலோ என்றால் 11,000க்கு மேல். தயிர்சாதத்தில் அதற்கு வழியே இல்லை. மாவுச்சத்து திரும்பியதும் ஈரலும் தசையும் அதைக் கிளைகோஜன் என்ற சேமிப்பாக நிரப்பிக்கொள்ளும்; ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் தங்கும். ஊறுகாய், அப்பளத்து உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். பயந்துபோய் மறுபடி 800 கலோரிக்கு இறங்குவதுதான் தப்பு. மூன்றாவது வாரத்திலும் ஏறிக்கொண்டே போனால் எண்ணெயையும் வெளிச்சாப்பாட்டையும் அளந்து பாருங்கள்.

பத்து நாள் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். ஞாயிறன்று விருந்து, போகலாமா? (தாராவி)

விருந்தை விடுங்கள், இன்றே டாக்டரிடம் போங்கள். பட்டினிக்குப் பின் மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் எகிறும்; ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சடாரென்று குறையும். இதயத் துடிப்பு தடுமாறலாம், மூச்சு வாங்கலாம், கால் வீங்கலாம். உயிருக்கே ஆபத்தானது. தெம்புக்கென்று குளுக்கோஸ் தண்ணீரும் ஜவ்வரிசிக் கஞ்சியும் கொடுப்பது நம் வழக்கம். இங்கே அதுவே வினை. முதலில் ரத்தப் பரிசோதனையும் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையும். பிறகு கிலோவுக்கு 10 கலோரி என்ற கணக்கில், அதாவது 60 கிலோ எடைக்கு நாளுக்கு 600 கலோரி அளவில், டாக்டர் கண்காணிப்பில் தொடங்கிப் பல நாளில் கூட்டுவார்கள்.

நெய் ரோஸ்ட் சாப்பிட்ட இரவு, வலது விலாவுக்குக் கீழே கடும் வலி. வாயுவா? (மாட்டுங்கா)

பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக இளைக்கும்போதும், கொழுப்பே சேர்க்காதபோதும் பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் தேங்கிக் கல்லாகும். அல்ட்ராசவுண்ட் எடுங்கள். காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ அன்றே ஆஸ்பத்திரி. எலுமிச்சைச் சாறும் ஆலிவ் எண்ணெயும் குடித்துக் கல்லைக் கரைப்பதெல்லாம் வெறும் பேச்சு.

அப்பாவுக்குச் சர்க்கரை. டயட் தொடங்கியபோது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். சோறு தொடங்கியாச்சு, மாத்திரையும் தொடங்கணுமா? (நெருல்)

நீங்களாகத் தொடங்காதீர்கள், குறைவாகச் சாப்பிடும் நாளில் மயக்கம் வரும் அளவுக்குச் சர்க்கரை இறங்கலாம். வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு வாரம் சர்க்கரை அளவைப் பார்த்து எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். நிறுத்திய அல்லது குறைத்த பிரஷர் மாத்திரைக்கும் இதேதான்.

இப்போதுதான் நன்றாகச் சாப்பிடுகிறேன், இப்போது போய் முடி கொட்டுகிறதே? (முலுண்ட்)

உடம்புக்கு நேர்ந்த அதிர்ச்சி முடியில் தெரிய இரண்டு மூன்று மாதமாகும். புதிய சாப்பாட்டின் மேல் பழி இல்லை. பெரும்பாலும் தானே நிற்கும். ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பாருங்கள். முடி எண்ணெய்க்குச் செலவழிக்க வேண்டாம்.