வாசகர் கேள்வி, பொறியாளர் பதில்: கான்கிரீட் விரிசலை பாக்டீரியா அடைக்குமா?

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனத்துக்காகத் தோட்டத்தில் கான்கிரீட் தொட்டி கட்ட இருக்கிறோம். பழைய தொட்டி விரிசல் விட்டுக் கசிகிறது. பாக்டீரியா கலந்தால் விரிசல் தானாக அடைபடும், வலிமையும் கூடும், ஆகவே சிமெண்டைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா? (வாசகர், காங்கேயம்)

பதில்: விரிசல் அடைபடும் என்பது உண்மை, வலிமை கூடும் என்பதும் ஓரளவு உண்மைதான், ஆனால் சிமெண்டைக் குறைக்கும் யோசனையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள்.

பாசில்லஸ் வகையைச் சேர்ந்த சில மண்வாழ் பாக்டீரியாக்கள், உணவும் ஈரமும் கிடைக்காதபோது தடித்த உறைக்குள் வித்தாகச் சுருங்கிப் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்க வல்லவை. இந்த வித்துகளையும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட் என்னும் உப்பையும் கான்கிரீட்டில் சேர்த்துவிட்டால், பின்னாளில் விரிசல் விழுந்து அதன் வழியே நீரும் காற்றும் நுழையும்போது அவை விழித்து, அந்த உப்பை உண்டு, கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகின்றன. மதுக்கரையில் சிமெண்டுக்காக வெட்டியெடுத்த சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். அவை வெளிவிடும் கரியமில வாயு, இறுகிய சிமெண்டில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்புடன் கூடி மேலும் கல்லாகிறது. கணக்குப்படி ஒரு பங்கு கல் நேராகவும் ஐந்து பங்கு இந்தச் சுற்றுவழியிலும் கிடைக்கும் என்பதால், அடைப்பின் பெரும்பகுதி இந்தக் கரியமில வாயுவின் வேலையே. கம்பி துருப்பிடிக்கத் தேவையான ஆக்சிஜனை பாக்டீரியா உறிஞ்சிக்கொள்வது கூடுதல் ஆதாயம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ் 2006 முதல் இதை வளர்த்தெடுத்தார். கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், கான்கிரீட் இறுக இறுக உள்துளைகள் சுருங்கி, ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள வித்தை நசுக்கிவிடும். அதனால் வித்துகளைச் சுட்ட களிமண் உருண்டைகளுக்குள் வைத்துக் கலந்தார்கள். 100 நாள் நீரில் வைத்த மாதிரிகளில் 0.46 மி.மீ. அகல விரிசல் வரை அடைபட்டது. பாக்டீரியா இல்லாத மாதிரிகளிலும் 0.18 மி.மீ. வரை தானாகவே மூடிக்கொண்டது.

இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடாதீர்கள். பெருந்துறைப் பக்கம் பாக்டீரியா எதுவும் கலக்காத ஒரு தொட்டியில், மயிரிழை விரிசலின் வாயில் அரிசி மாவில் கோடிழுத்தது போன்ற வெண்மையைக் கண்டேன். நகத்தால் கீறியும் அது பெயரவில்லை. அந்தக் கோடு இருந்த நீளத்துக்குச் சுவரும் காய்ந்திருந்தது. இரண்டு முழம் தள்ளி, இன்னொரு அகன்ற விரிசலுக்குக் கீழே வெள்ளையாக வழிந்திருந்தது விரலில் மாவாக ஒட்டியது. முன்னது அடைப்பு, பின்னது கசியும் நீர் அரித்துக் கொண்டுவந்த சுண்ணாம்பு, அதாவது கான்கிரீட்டின் இழப்பு. உங்கள் பழைய தொட்டியையும் இப்படிப் பாருங்கள். ஒளிநகல் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; இரண்டு தாள் சேர்ந்து விரிசலுக்குள் தாராளமாக நுழைந்தால், அது நீர்த்தொட்டிக்கு ஏற்கத்தக்க 0.2 மி.மீ. அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். வெயிலுக்கு விரிந்தும் குளிருக்குச் சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும் விரிசலில் பாக்டீரியா கட்டிய கல்லும் மறுபடி பிளக்கும்.

வலிமையைப் பற்றி அமெரிக்காவின் தெற்கு டகோட்டா சுரங்கவியல் கல்லூரியில் வி. ராமகிருஷ்ணனும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு நம் நாட்டிலும் நிறைய சோதனைகள் நடந்துள்ளன. பல சோதனைகளில் 28 நாள் அழுத்த வலிமை 10 முதல் 25 சதவீதம் வரை கூடியிருக்கிறது. கலக்கும் பாக்டீரியா செல்களின் எண்ணிக்கை அளவுக்கு மீறினால் குறைந்தும் இருக்கிறது. இவை ஆய்வகத்தில் அளந்து வார்த்த கட்டிகளின் கணக்கு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வார்த்த அன்றே மேற்பரப்பை உலர்த்திவிடும் காங்கேயத்துத் தோட்டத்தின் கணக்கு அல்ல. ஆகவே எம்-30 என்னும் வலிமைத் தரத்தில், 50 கிலோ மூட்டைக்கு மணலின் ஈரத்தையும் சேர்த்து 22.5 லிட்டருக்கு மேற்படாத நீரில் வார்த்து, நனைந்த சணல் சாக்கைப் போர்த்திப் பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். இவ்வளவும் செய்த பின் பணம் மிஞ்சினால் பாக்டீரியாவைச் சேருங்கள். தொட்டியின் ஆயுள் கூடும்.

கேள்வி: பஞ்சகவ்யத்திலும் நுண்ணுயிர்கள் ஏராளமாக இருக்கின்றனவே, அதையே கான்கிரீட்டில் கலந்தால் என்ன? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: கலக்கவே கூடாது. பயிருக்கு நன்மை செய்யும் அந்த நுண்ணுயிர்களில் பல, அமிலத்தை உண்டாக்குபவை. கான்கிரீட்டின் காரத்தில் அவை பிழைக்கமாட்டா. அதைவிடக் கேடு, அதில் சேர்க்கும் சர்க்கரை. 50 கிலோ சிமெண்டுக்கு 25 கிராம் சர்க்கரை போதும், இறுகுவது சில மணி நேரம் தள்ளிப்போகும். இன்னும் கூடினால் இறுகாமலே போகலாம். கவுந்தப்பாடிச் சந்தைக்கு நாட்டுச்சர்க்கரை ஏற்றிய சாக்கைக்கூட ஜல்லி அள்ளப் பயன்படுத்தாதீர்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் முன்னோர் அரைத்தது சுண்ணாம்புக் காரை; அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுக் கல்லாவது, நீரோடு வினைபுரிந்து இறுகும் சிமெண்டுக்கு அந்த முறை பொருந்தாது.

கேள்வி: எங்கள் ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கிறது. பாக்டீரியா கலந்தால் கம்பி துருப்பிடிக்காதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுக்க அது உதவும், கலக்கும் நீரிலேயே உள்ளே புகுந்த உப்பை அது நீக்காது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. முதலில் ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அளவு மீறியிருந்தால், வார்ப்பதற்கும் நனைப்பதற்கும் லாரியில் நல்ல தண்ணீர் இறக்கிக்கொள்ளுங்கள்.