சிப்பி குவிந்திருந்தால் பவளத்திட்டா?

அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா சிப்பிகள் குவிந்திருப்பதால் அது பவளத்திட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வளர்ந்த கிரிஃபியா பவளம்போல் சட்டகம் கட்டாது, கடலடியில் தளர்வாகக் கிடக்கும். இது சுமார் 7 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆழமற்ற கடலின் சிப்பிப் படுகை. பவளம் பார்க்கக் கல்லக்குடிப் பக்கம் போங்கள்; அங்குள்ள டால்மியாபுரம் பாறைகள் இன்னும் மூத்தவை.

அந்தப் பழங்கடலில் நீர் எவ்வளவு வேகமாக அலைந்தது என்பதைச் சொல்வது சிப்பிகளுக்கு இடையே உள்ள பொருள்தான். புதிதாக உடைத்த முகத்தை 600 எண் உப்புத்தாளில் தேய்த்து, நனைத்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். மங்கலான சேறு என்றால் அமைதியான நீர். பளிச்சிடும் கால்சைட் (சுண்ணாம்புப் படிகம்) என்றால் நீரோட்டம் சேற்றை அலசியிருக்கலாம்; ஆனால் சேறே பிற்பாடு படிகமாவதும் உண்டு. அதனால் ஓடுகளையும் பாருங்கள்: ஒரு சிப்பியின் இரண்டு ஓடுகளும் சேர்ந்து மூடியே இருந்தால் சிப்பி அதிகம் உருளவில்லை. வெயில்பட்ட மேற்பரப்பை மட்டும் நம்பாதீர்கள், இரும்புக்கறை எல்லாவற்றையும் மறைத்துவிடும்.